கைக்கேற்ற விசைப்பலகை

தையற்காரருக்குக் கண் எப்படியோ, பாடகருக்குக் குரல் எப்படியோ, தட்டெழுத்தாளருக்கு மணிக்கட்டு அப்படி. ஆனால் ஒரு வேறுபாடு உண்டு. கண் மங்கினால் அயலவர் அனைவரும் கண் வைத்தியரின் பெயர் சொல்வர். தொண்டை கட்டினால் மிளகும் தேனும் கொண்டு வருவர். மணிக்கட்டு நோகின்றதென்றாலோ, “வயதுதானே, எண்ணெயைப் பூசிப்போட்டுப் படுங்கோ” என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவர். மூட்டை சுமப்பவருக்கு முதுகு நோகலாம். தேங்காய் உரிப்பவருக்குத் தோள் நோகலாம். கதிரையில் இருந்துகொண்டு விரல் நுனியால் வேலை செய்பவளுக்கு நோவு வர நியாயம் ஏது என்பது அவர்கள் எண்ணம் போலும்.

நான் வெள்ளவத்தையிலே சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளராகத் தொழில் செய்கின்றேன். பிறப்பு, விவாக, மரணச் சான்றிதழ்கள், காணி உறுதிகள், பரீட்சைப் பெறுபேறுகள் ஆகியவற்றைத் தமிழிலிருந்து ஆங்கிலத்துக்கும் ஆங்கிலத்திலிருந்து தமிழுக்கும் மாற்றித் தட்டெழுதி, முத்திரை வைத்துக் கையொப்பமிட்டுக் கொடுப்பது என் வேலை. கூலி பக்கத்துக்கு இவ்வளவு என்பது வழக்கம். பக்கத்துக்கு என்றால் விரலின் வேகத்துக்கு என்றே பொருள். என் கணவர் காலமான பின்னர் வீட்டு வாடகையும் கடைச் சாமானும் இந்தப் பத்து விரல்களினாலேயே நடந்து வருகின்றன. ஆகவே அவற்றுக்கு வந்த நோவு எனக்குச் சின்ன விஷயமாக இருக்கவில்லை.

தட்டெழுத்தை நான் பழகியது 1979ஆம் ஆண்டில், யாழ்ப்பாண நகரத்துப் பயிற்சி நிலையம் ஒன்றிலே. எழுத்துக்கள் தெரியாதபடி விசைகளின் மேல் துணி ஒன்றைப் போர்த்துவிடுவார்கள். எங்கள் ஆசிரியை கையில் அடிமட்டத்தோடு பின்னால் நடந்து வருவார். எவளுடைய மணிக்கட்டாவது மேசை விளிம்பிலே தங்கினால், அந்த அடிமட்டம் அதன் கீழே புகுந்து மெல்ல மேலே தூக்கும். அவர் ஒருநாளும் அடித்ததில்லை, தூக்குவதோடு சரி. ஆங்கில யந்திரத்தில் ஆறு மாதம், பின்பு தமிழ் யந்திரத்தில் ஆறு மாதம். சுண்டிக்குளியிற் பிறந்து மலாயாவிலும் சிங்கப்பூரிலும் வாழ்ந்த ஆர். முத்தையா அவர்கள் 1930களில் வகுத்த முறை அது. யந்திரம் ஜெர்மனியிலே செய்யப்பட்டு வந்தது. அதிலே புள்ளியின் விசையைத் தட்டினால் தாள் சுற்றிய உருளை நகராது. புள்ளியை முதலில் வைத்து, அதன் கீழே மெய்யெழுத்தைக் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். இதை வாசிக்கும் பழைய தட்டெழுத்தாளர்கள் இப்பொழுதே விரலை அசைத்துப் பார்ப்பார்கள் என்று நினைக்கின்றேன்.

அந்த யந்திரங்கள் கனமானவை. விசையை ஆழமாக அழுத்த வேண்டும். ஆனாலும் அவை ஒரு நன்மை செய்தன. வரி முடிந்ததும் மணி அடிக்கும். இடக்கை எழுந்து நெம்பைத் தள்ளி உருளையை மீண்டும் வலப்புறம் கொண்டு செல்லும். பக்கம் முடிந்தால் தாளை உருவி, காபன் தாளை இடைவைத்து, புதுத் தாளைச் சுற்ற வேண்டும். இப்படிக் கை சில கணங்களுக்கு ஒருமுறை நிலை மாறிக்கொண்டே இருந்தது. எவரும் யோசித்து அமைத்த ஓய்வன்று. யந்திரத்தின் குறைபாட்டிலிருந்து நமக்குக் கிடைத்த ஓய்வு. கணினி வந்தபோது அந்தக் குறைபாடு நீங்கியது. ஓய்வும் கூடவே போயிற்று. வரி தானே மடிகின்றது, பக்கம் தானே புரள்கின்றது, கை மட்டும் காலையில் வைத்த இடத்திலேயே மாலை வரையும் கிடக்கின்றது.

நாலைந்து ஆண்டுகளுக்கு முன் வலக்கையின் வெளி ஓரத்திலே, சிறுவிரலிலிருந்து முழங்கை நோக்கி ஒரு நோவு தொடங்கியது. பின்பு இரவிலே இரு கைகளிலும் பெருவிரலும் அடுத்த இரண்டு விரல்களும் மரத்துப்போய், கையை உதறிக்கொண்டு எழும்பத் தொடங்கினேன். தேங்காய் துருவ முடியவில்லை. நனைந்த துணியைப் பிழிய முடியவில்லை. வைத்தியர் படம் கீறி விளக்கினார். மணிக்கட்டிலே எலும்புகளாலும் ஒரு தடித்த பட்டையாலும் ஆன ஒடுங்கிய சுரங்கம் ஒன்று உண்டு. விரல்களை மடக்கும் 9 தசைநாண்களும் ஒரு நரம்பும் அதற்குள்ளேதான் போகின்றன. கை வளைந்திருக்க வேலை செய்தால் அங்கே நெருக்கம் கூடுகின்றது. முதலிலே முறையிடுவது நரம்பு. மூன்று மாதம் ஓய்வு, இரவிலே கைக்கு மட்டை, அதற்கும் சரிவராவிட்டால் அறுவைச் சிகிச்சை என்று அவர் சொன்னார். மூன்று மாத ஓய்வு என்ற சொல் சம்பளக்காரருக்கு ஒருவிதமாகவும் பக்கக் கூலிக்காரருக்கு வேறுவிதமாகவும் கேட்கும்.

வீட்டுக்கு வந்து என் கையைப் புதிதாகப் பார்ப்பது போலப் பார்த்தேன். வாசகர்களும் செய்து பார்க்கலாம். கண்ணை மூடி, இரு கைகளையும் முன்னே நீட்டி, மேசைமேல் இயல்பாக வையுங்கள். அவை தோளகலத்துக்கு விலகி நிற்கும். பெருவிரற் பக்கம் சற்று மேலே எழுந்திருக்கும். இப்பொழுது அதே கைகளைச் சாதாரண விசைப்பலகையின் மேல் வையுங்கள். கைகள் இரண்டும் நெஞ்சின் முன்னே ஒன்றையொன்று நெருங்குகின்றன. முழங்கை வெளியே, விரல்கள் நேரே. ஆகவே மணிக்கட்டு சிறுவிரற் பக்கமாக ஒடிகின்றது. உள்ளங்கை முற்றாகக் கீழ்நோக்க வேண்டியிருப்பதால் முன்கையின் இரண்டு எலும்புகளும் ஒன்றன்மேல் ஒன்று குறுக்காக முறுகுகின்றன. பலகையின் பின்புறத்துக் குட்டிக் கால்களை வேறு விரித்து வைத்தால் மணிக்கட்டு மேல்நோக்கியும் மடிகின்றது. மூன்று திசையிலே வளைந்த மூட்டைக்கொண்டு நாளொன்றுக்கு எட்டு மணி நேரம் வேலை வாங்குகின்றோம்.

இந்த அமைப்பு எங்கிருந்து வந்தது? அமெரிக்காவிலே ஷோல்ஸ் என்பவரும் அவர் கூட்டாளிகளும் அமைத்த யந்திரத்தை றெமிங்டன் கம்பனியார் 1874இல் விற்பனைக்குக் கொண்டுவந்தனர். ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு நெம்புகோல் ஓடியது. மேல் வரிசையின் கோல்கள் கீழ் வரிசையின் கோல்களோடு முட்டாமற் போக இடம் வேண்டும். அதற்காக வரிசைகளை ஒன்றுக்கொன்று சற்றுத் தள்ளி அடுக்கினார்கள். இன்றைய கணினிப் பலகைக்குள்ளே கோலும் இல்லை, முட்டலும் இல்லை. ஆனாலும் வரிசைகள் இடப்புறம் சரிந்தே ஏறுகின்றன. வலக்கைக்கு இந்தச் சரிவு ஓரளவு ஒத்துப்போகும். முன்கை வலமிருந்து இடமாகச் சாய்ந்து வருவதால் விரல் அப்படியே மேலேறலாம். இடக்கைக்கோ அது முற்றும் எதிர்த்திசை. 150 ஆண்டுகளாக உலகத்து இடக்கைகள் யாவும் இல்லாத கோல்களுக்கு விலகி வழிவிடுகின்றன என்று சொன்னால் மிகையாகாது.

இதைக் கண்டவர்கள் முன்பும் இருந்திருக்கிறார்கள். பலகையை நடுவே பிளந்து இரு கைக்கும் தனித்தனியே கொடுக்கும் அமைப்புக்கு ஹைட்னர் என்பவர் 1915இலேயே அமெரிக்காவிற் காப்புரிமை பெற்றார். ஜெர்மனியிலே குளொக்கன்பேர்க் 1926இல் இதைப்பற்றி ஒரு நூலே எழுதினார். 1972இல் குரோமர் என்ற ஆய்வாளர் பிளந்து சாய்த்த பலகையைப் பரிசோதித்துக் கட்டுரை வெளியிட்டார். என் மனத்துக்கு நெருக்கமானவர் இங்கிலாந்தைச் சேர்ந்த லிலியன் மோல்ட் அம்மையார். அவர் தட்டெழுத்தாளரைப் பயிற்றுவித்தவர். எந்த விரல் எங்கே களைக்கும் என்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தவர். 1970களில் ஸ்டீபன் ஹொப்டே என்ற பொறியியலாளரோடு சேர்ந்து மோல்ட்ரன் என்னும் பலகையை உருவாக்கினார். 1994இல் மைக்ரோசொப்ட் நிறுவனம் நடுவிலே பிரிந்து வளைந்த பலகை ஒன்றைக் கடைகளுக்கு அனுப்பிய பிறகே சாதாரண மக்கள் இப்படி ஒன்று உண்டென்று அறிந்தனர். இப்பொழுது இரண்டு பாதிகளும் முற்றாகப் பிரிந்து, நடுவே ஒரு கம்பியால் மட்டும் இணைந்த பலகைகள் பல வகையாகக் கிடைக்கின்றன.

என் தமையனாரின் மகன் கணினிக் கம்பனியொன்றிலே வேலை. நான் கையை உதறுவதைக் கண்டு, தான் வைத்திருந்த சின்னஞ்சிறு பலகையைக் கொண்டு வந்து காட்டினார். இரண்டு பாதியும் சேர்த்து 42 விசைகள்.

“மாமி, இது காணும். விசை குறைஞ்சால் விரல் ஓடுறதும் குறையும்.”

நான் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “தம்பி, இதிலே சகரம் எங்கே?” என்று கேட்டேன்.

அவர் விழித்தார். காரணம் உண்டு. அவர் எழுதுவதெல்லாம் ஆங்கில எழுத்திலே. நானோ தமிழ் 99 முறையிலே தட்டெழுதுபவள். இலங்கையின் தரநிர்ணயம் 2008இல் ஏற்றது இரெங்கநாதன் விசைப்பலகை. ஆனால் நான் முன்பு பதிப்பகம் ஒன்றுக்கு வேலை செய்தபொழுது பழகியது தமிழ் 99. அதிலே சகரமும் ஞகரமும் வலக்கோடியிலே, ஆங்கிலத்தின் பகர அடைப்புக்குறிகள் இருக்கும் விசைகளில் உள்ளன. சின்னப் பலகைகளிலே முதலில் வெட்டுப்படுவது அந்த இரண்டு விசைகளே. “வேறொரு விசையையும் சேர்த்து அமத்தினால் வரும், மாமி” என்றார் மருமகன். வரும்தான். ஆனால் ஒரு காணி உறுதியை எடுத்துப் பாருங்கள்: சொத்து, சாட்சி, சீதனம், சட்டம், சகோதரன், செலுத்திய பணம். ஒவ்வொரு சகரத்துக்கும் இரண்டு விசை அமத்தினால் நோவு குறையுமா, கூடுமா? இதை நான் இவ்வளவு விரித்துச் சொல்வது, தமிழில் எழுதுபவர் எவரேனும் இப்படிப் பலகை வாங்க நினைத்தால் விலையைக் கேட்குமுன் வலப்புறத்து விசைகளை எண்ணிப் பார்க்க வேண்டும் என்பதற்காகவே.

கடைசியில் வாங்கியது வலப்பாதியில் ஏழு நிரல்கள் உள்ள பெரிய பலகை. வெளிநாட்டிலிருந்து வந்தது. நல்ல தையல் யந்திரம் ஒன்றின் விலை. மூன்று நாள் யோசித்தேன். தையற்காரி தையல் யந்திரம் வாங்குவதற்கு எவ்வளவு யோசிப்பாள் என்று எண்ணிக்கொண்டு பணத்தை அனுப்பினேன்.

தொடங்குவதற்குச் சித்திரைப் புதுவருட விடுமுறையைத் தெரிந்தெடுத்தேன். கந்தோர்கள் பூட்டியிருக்கும், கோட்டு நடவாது, உறுதியோடு எவரும் வரமாட்டார்கள். பழைய பலகையை அலுமாரியின் மேல் ஏற்றிவிட்டு உட்கார்ந்தேன். 40 ஆண்டுக்கு மேற்பட்ட பழக்கம் விரலிலே இருக்கின்றதென்பதை அன்றைக்குத்தான் நன்றாக உணர்ந்தேன். புதுப் பலகையிலே விசைகள் சரிந்து ஏறவில்லை. ஒன்றன்கீழ் ஒன்றாக நேர் நிரலில், ஒவ்வொரு விரலின் நீளத்துக்கேற்ப ஏற்றியும் தாழ்த்தியும் நிற்கின்றன. நடுவிரல் நீளமென்பதால் அதன் நிரல் உயர்ந்திருக்கும். சிறுவிரலின் நிரல் தாழ்ந்திருக்கும். கையோடு பொருத்திப் பார்த்தால் இதுதான் சரியென்று எவரும் சொல்வர். விரல் மட்டும் ஒப்புக்கொள்ள மறுத்தது. கீழ் வரிசைக்கு இறங்கும்போதெல்லாம் அது பழைய சரிவின் வழியே போய், அயல் விசையிலே விழுந்தது. ஆங்கிலத்தில் நிமிடத்துக்கு 65 சொல் அடித்தவள், முதல் நாள் 12 சொல் அடித்தேன். பத்தாம் நாள் 25. மாதம் முடிய 45.

இந்தக் காலத்திலேதான் வாடிக்கையாளர் ஒருவர், எண்பது வயது ஐயா, மேசைமேல் இரண்டு துண்டாகக் கிடந்ததைக் கண்டு மிகவும் வருத்தப்பட்டார்.

“பிள்ளை, விழுந்து உடைஞ்சு போச்சோ?”

“இல்லை ஐயா, வாங்கேக்கையே இப்படித்தான்.”

“காசு குடுத்தோ?”

விடுமுறை முடிந்ததும் வேலை வரத் தொடங்கியது. ஒரு வாரம் பிந்தித்தான் தருவேன் என்று எல்லோருக்கும் சொன்னேன். சிலர் வேறிடம் போய்விட்டனர். அவர்களிலே சிலர் பின்பு திரும்பவில்லை. அந்த மாதத்து வரும்படி பாதியாகியது. மே மாத நடுவிலே ஒரு தாயார் மகளின் மூன்று சான்றிதழ்களோடு வந்தார். வெள்ளிக்கிழமை தூதரகத்திலே நேர்முகம். வந்த நாளோ புதன் பின்னேரம். முடியாதென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர் போனதும் கதிரையில் ஏறிப் பழைய பலகையை இறக்கினேன். தொழிலிலே பிடிவாதத்துக்கு இடமில்லை. விரல்கள் தாய்வீடு கண்ட பெண்களைப்போல ஓடின. இரவு ஒன்பது மணிக்குள் வேலை முடிந்தது. அன்று இரவு இரண்டு மணிக்கு வலக்கை மரத்துப்போய் விழித்துக்கொண்டேன். அதற்கு முந்திய இரண்டு வாரமாக அப்படி விழிக்கவில்லை என்ற நினைவு அப்பொழுதுதான் வந்தது. விடிந்ததும் பழைய பலகை மறுபடியும் அலுமாரியின் மேலே போயிற்று.

இனித் தமிழுக்கு வருகின்றேன். இதுவே நான் எதிர்பாராத இன்பம். தமிழ் 99இலே உயிரெழுத்துப் பன்னிரண்டும் புள்ளியும் இடக்கைக்கு உரியவை. மெய்கள் வலக்கைக்கு, வகரமும் ஙகரமும் மட்டும் இடப்புறத்திலே குடியிருக்கின்றன. சாதாரணப் பலகையில் இந்தப் பாகுபாடு கண்ணுக்குத் தெரியாது. பிளந்த பலகையிலோ உயிர் ஒரு பலகை, மெய் ஒரு பலகை என்று கைக்குக் கை வந்துவிடுகின்றது. ‘அம்மா’ என்று அடிக்க இடக்கை ஒரு தட்டு, வலக்கை இரண்டு, மீண்டும் இடக்கை ஒன்று. நடுப் புள்ளியைக் கணினி தானே வைத்துக்கொள்ளும். வலமும் இடமுமாக மாறி மாறிப் போகும் இந்த நடை, மத்தளத்தின் இரு முகத்தையும் தட்டுவதை நினைப்பூட்டுகின்றது.

ஆனால் அதே முறையிலே வலச் சிறுவிரலின் பாடு பெரும்பாடு. ண, ச, ஞ, ந, ய, ழ என்று ஆறு எழுத்துக்கள் அந்த ஒரு விரலுக்கு. இவற்றோடு வரி மாற்றும் விசை, அழிக்கும் விசை, மேலெழுத்து விசை ஆகியவையும் வழக்கமாக அதன் தலையிலேதான். கையிலே வலிமை குறைந்த விரலுக்கு இத்தனை. வலிமை மிகுந்த பெருவிரல்கள் இரண்டுக்கும் சேர்த்து ஒரேயொரு நீளக்கட்டை, அதுவும் வெற்றிடம் விடுவதற்கு. வீட்டிலே இளைய மருமகளிடம் எல்லா வேலையையும் கொடுத்துவிட்டு, தடித்த மைத்துனர் இருவரையும் வாசலிற் காவலுக்கு இருத்துவது போன்ற ஏற்பாடு இது. வெளி ஓரத்து நோவு எங்கிருந்து வந்ததென்று எனக்கு வைத்தியரைக் கேட்காமலே விளங்கியது.

புதுப் பலகையிலே ஒவ்வொரு பெருவிரலுக்கும் கீழே நாலு விசைகள் உண்டு; எந்த விசை என்ன செய்ய வேண்டும் என்பதை நாமே மாற்றியமைக்கலாம். மருமகன் ஒரு சனிக்கிழமை வந்திருந்து, நான் சொல்லச் சொல்ல மாற்றித் தந்தார். அழிப்பது இடப் பெருவிரலுக்கு. வரி மாற்றுவது வலப் பெருவிரலுக்கு. வலப்பாதியின் உட்புறத்திலே, சுட்டுவிரலுக்கு அடுத்து, வேலையற்ற விசைகள் சில இருந்தன. சகரத்தைச் சிறுவிரலிடமிருந்து வாங்கி அங்கே வைத்தோம். பழகப் பத்து நாள் பிடித்தது. ஞகரம் அருகியே வருவதால் வெளிக்கோடியில் இருக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

மற்றொரு சௌகரியமும் உண்டு. எந்த விளம்பரத்திலும் இதைக் காணவில்லை. இரு பாதிகளுக்கும் நடுவே முக்கால் அடி வெளி. அதிலே சிறு சாய்மேசை ஒன்றை வைத்து, மூல உறுதியை அதன்மேல் நிறுத்துகின்றேன். முன்பு தாள் இடப்புறம் கிடக்கும். கழுத்து நாள் முழுவதும் தாளுக்கும் திரைக்குமாகத் திரும்பிக்கொண்டிருக்கும். இப்பொழுது கண் சற்றுத் தாழ்ந்தால் உறுதி, நிமிர்ந்தால் திரை. பழைய நொத்தாரிசுமாரின் கையெழுத்தை வாசிக்கத் தலையைக் குனிந்து தேட வேண்டியதில்லை.

இந்தப் பலகை நோவைத் தீர்க்குமா என்று கேட்பவர்களுக்கு நான் ஆம் என்று சொல்வதில்லை. 1999இல் அமெரிக்காவிலே, கைநோவுள்ள 80 பேருக்கு வெவ்வேறு பலகைகளைக் கொடுத்து ஆறு மாதம் நடத்திய ஆய்வொன்று வெளியாகியது. பிளந்து வளைந்த பலகையைப் பாவித்தவர்களுக்கு நோவு குறைந்தது. ஆனால் வைத்தியப் பரிசோதனைகளில் அதற்கேற்ற மாற்றம் தெரியவில்லை. என் அனுபவமும் ஏறக்குறைய அவ்வளவே. இரவிலே விழிப்பது அருகிவிட்டது, தேங்காய் துருவுகின்றேன், துணி பிழிவது இன்னும் சரிவரவில்லை. நோவு குறைந்ததற்குப் பலகை எவ்வளவு காரணம், அரை மணிக்கு ஒருமுறை எழுந்து நடக்கும்படி வைத்தியர் சொன்னது எவ்வளவு காரணம் என்று பிரித்துச் சொல்ல என்னால் இயலாது. நாளுக்கு ஒரு கடிதம் எழுதுபவருக்கு இது வீண் செலவு. பலகையின் பின்கால்களை மடக்கிவிட்டு, கதிரையைச் சற்று உயர்த்தினால் அவர்களுக்குப் போதும், அதற்குக் காசில்லை.

அரச கந்தோர்களுக்குப் போய் அங்கேயே இருந்து தட்டெழுதும் நாட்கள் மாதத்தில் ஒன்றிரண்டு வரும். அங்கே சாதாரணப் பலகைதான். முதற் பத்து நிமிடம் சகரத்தைத் தேடிச் சுட்டுவிரல் வெறும் மரத்தைத் தட்டும்; அதன்பின் பழைய வழி நினைவுக்கு வந்துவிடும். இரண்டு மொழி பேசும் பிள்ளைகளைப்போல இந்த விரல்களும் இரண்டையும் வைத்துக்கொள்ளப் பழகிவிட்டன.

இப்பொழுது மேசையிலே இருப்பது பருத்தித்துறைப் பக்கத்துக் காணி உறுதி ஒன்று. பதினான்கு பக்கம், சகோதரர் அறுவர், எல்லோரும் வெவ்வேறு நாட்டிலே. புதன்கிழமை கொடுக்க வேண்டும். பதினோராம் பக்கத்திலே, கிணற்றுப் பங்கும் வழிவாய்க்கால் உரிமையும் சொல்லும் இடத்திலே நிற்கின்றேன்.